ஒன்றாம் காமிராவின் விளக்கு

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவளை எந்தப் பக்கத்திலிருந்து காட்டுவது என்று பட்டன் அழுத்தித் தீர்மானித்தவள் நான். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அன்றைக்கு எனக்கே புரியவில்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் டெலிவிஷன் கிடையாது. டெல்லியில் ஏதோ காட்டுகிறார்களாம் என்று பேப்பரில் படித்ததோடு சரி. நான் ஃபோர்ட் ஏரியாவில் எலெக்ட்ரிக் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். அந்தக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து மூன்று காமிராவும் சில டெலிவிஷன் பெட்டிகளும் தருவித்தது. தருவித்ததை நாலு பேர் பார்க்க வேண்டாமா? எங்கள் மாட்டுங்காவிலேயே ஒரு மைதானத்தில் இரண்டு பந்தல் போட்டார்கள். ஒரு பந்தலில் மேடை, விளக்கு, காமிரா. அடுத்த பந்தலில் நாற்காலிகளும் டெலிவிஷன் பெட்டிகளும். இங்கே நடிப்பதை அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். நடுவில் தரை பூராவும் வயர். வயர் இழுக்க வந்த தாராவிக்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அடுத்த கொட்டாயில நடக்கத இங்கன உக்காந்து பாக்கவா இம்புட்டு வயரு? எந்திரிச்சி நாலு எட்டு வச்சா நேராவே பாத்துரலாமே?" கம்பெனியில் யாருக்கும் இதற்குப் பதில் தெரிந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலத்துக்கு ஒரு பாஷையாக நாடகம். தமிழ் முறைக்கு எங்கள் சபாவின் நாடகக் கோஷ்டியைக் கூப்பிட்டார்கள். டைரக்டர் டெல்லியிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர். நல்ல மனுஷர், ஆனால் தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. மூன்று காமிராவும் மூன்று படம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றில் எந்த நிமிஷம் எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்று பட்டனை அழுத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு விஷன் மிக்சர் என்று பேர். தமிழ் தெரிந்திருக்க வேண்டும், காதில் ஹெட்போன் மாட்டிப் பழகியிருக்க வேண்டும், குனிந்து பார்க்காமல் விரல் ஓட வேண்டும். மானேஜர் என்னைக் கை காட்டினார். எக்ஸ்சேஞ்ச் போர்டு மாதிரிதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கக் குரல்களோடுதான் குடித்தனம். முகம் ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே மூன்று பெட்டி நிறைய முகம். குரல் எங்கிருந்தோ தனியாக வருகிறது. பேசுகிறவர் முகத்தைப் போடு என்றார் டைரக்டர். எனக்குத்தான் நாடகம் மனப்பாடம் ஆயிற்றே என்று கொஞ்சம் முன்னதாக அழுத்தினால், அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கிக்கொண்டிருப்பார். பேச ஆரம்பித்த பிறகு அழுத்தினால் பாதி வசனம் ஏற்கனவே போய்விட்டிருக்கும். இதற்கு நடுவில் காதில் "ஒன்... டூ... நோ, நோ, ஒன்" என்று டைரக்டர் வேறு. லைன் பிஸி என்று சொல்லி அவரைத் துண்டிக்கக்கூட முடியாது.

போதாததற்கு என் இடம் ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால். அங்கிருந்து மேடையும் தெரியாது, பார்க்க வந்த ஜனங்களும் தெரியாது. எதிரே மூன்று சின்னப் பெட்டிகள், அவ்வளவுதான். அந்த மூன்றிலும் என் அக்கா மூன்று விதமாக உட்கார்ந்திருப்பாள். ஒன்றில் இடது பக்கம் பார்ப்பாள், இன்னொன்றில் வலது பக்கம், மூன்றாவதில் அவள் பின்னல் மட்டும் தெரியும். நிஜமாக எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியாமல் எனக்குத் தலை சுற்றும். இத்தனைக்கும் கூடப் பிறந்தவள், பலகைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சின்ன வயதில் வந்த ஒரு ஜுரத்தில் அவளுக்கு வலது கால் சூம்பிப்போயிற்று. விந்தி விந்தித்தான் நடப்பாள். முகம் மட்டும் அப்படியொரு லட்சணம், குரலோ அதைவிட. அதனால் சபாவில் அவளுக்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. திரை தூக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். திரை விழுந்த பிறகுதான் எழுந்திருப்பாள். நோயாளி மனைவி, பூத்தொடுக்கிற பெண், கடிதம் படிக்கிற தங்கை என்று வேஷமெல்லாம் உட்கார்ந்த வேஷம். கோஷ்டியில் இதைப் பற்றி யாரும் வாயைத் திறந்து பேசினதில்லை.

வெளியில் போகும்போதும் ஒரு ஏற்பாடு உண்டு. அம்மா முன்னால், நான் நடுவில், அக்கா கடைசியில். கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருப் பக்கம் வந்துவிட்டால் அம்மா இன்னும் வேகமெடுப்பாள். எதிரே வருகிறவர்களின் கண் தன்னோடும் என்னோடும் போய்விடும், பின்னால் வருகிறவளைப் பார்க்காது என்பது அவள் எண்ணம். பார்க்காமல் எங்கே இருந்தார்கள்? எங்கள் கட்டடத்துக்கே தெரியும். அம்மாவும் நானும்தான் மூச்சு வாங்குவோம். அக்கா ஆர அமர வருவாள்.

ஒத்திகையில் டைரக்டர் முதல் நாளே தகராறு பண்ணினார். முழு நேரமும் ஒருத்தி உட்கார்ந்தே இருந்தால் அது டெலிவிஷன் இல்லை, ஃபோட்டோ என்றார். கணவன் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறான், மனைவி எழுந்து அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய்த் திறக்க வேண்டும், அந்த நடை முழுவதையும் ஒன்றாம் காமிரா காட்டும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொல்வது, எந்த பாஷையில் சொல்வது? அதற்குள் அக்கா எழுந்து நடந்தே விட்டாள். கதவு வரைக்கும் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். டைரக்டர் கை தட்டினார். ரொம்ப நேரம் காத்திருந்து களைத்துப்போன மனைவி என்பதை நடையிலேயே கொண்டு வந்துவிட்டாளாம், இந்த நுணுக்கம் யாருக்கும் வராதாம். பாவம், அதை அவர் நடிப்பென்றே நினைத்துவிட்டார்.

வீடு வரும்வரை அக்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் நடையைப் பார்த்து ஒருவர் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அந்த சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்த ஒரு வரனுக்கு அப்போதுதான் ஜாதகம் பொருந்தியிருந்தது. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டார்கள், அக்கா உள்ளிருந்து நடந்து வந்து நமஸ்காரம் பண்ணினாள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பினது யாருமில்லை. இந்தத் தடவை அம்மா ஒரு யுக்தி பண்ணினாள். பிள்ளை வீட்டாரைக் கண்காட்சிக்கே வரவழைத்து, பெண்ணைக் கௌரவமாக டெலிவிஷனில் காட்டிவிடுவது. ஊரில் யாருக்கும் கிடைக்காத பெருமை என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். முதல் நாள் ராத்திரி அம்மா என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"முகம் மொதல்ல அவா மனசுல பதியட்டும். கால் விஷயத்தை அப்பறம் பக்குவமா நானே சொல்லிக்கறேன். அவ எழுந்துக்கறச்சே நீ வேற படத்தைப் போட்டுடு. உங்கையிலதான் இருக்கு."

அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை வரன்களும் வாசற்படி இறங்கிப்போன பிறகு பாத்திரங்களைத் தேய்த்தவள் அவள்தான். சரி என்று தலையாட்டினேன். அக்காவுக்கு அதில் சம்மதமா என்று கேட்கத் தோன்றவில்லை. அல்லது கேட்கப் பயந்தேனோ என்னவோ, இப்போது சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு காமிராவின் தலையிலும் ஒரு சிவப்பு விளக்கு. நான் எந்தப் பட்டனை அழுத்துகிறேனோ அந்தக் காமிராவின் விளக்கு எரியும். அதாவது, இப்போது உன் படம்தான் வெளியே போகிறது என்று அர்த்தம். இது நடிகர்களுக்குத் தெரிந்திருக்கவே கூடாது. கணவன் வேஷம் போட்டவர் டிராம்பேயில் ஆபீஸ் குமாஸ்தா, தன் முகத்தின் மேல் தனக்கே அபார மோகம். விளக்கின் ரகசியத்தை ஒத்திகையிலேயே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து எந்த விளக்கு எரிந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் புன்னகை பண்ணுவார். அக்கா அவர் காதைப் பார்த்துத்தான் வசனம் பேச வேண்டியிருக்கும். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சபாவில் முன் வரிசையைப் பார்த்தே நடித்துப் பழகினவரை என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் இரண்டு காட்சி. முதல் காட்சிக்கு அம்பர்நாத்காரர்கள் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரும் வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்கள் என்று அம்மா தடுப்புக்குப் பின்னால் வந்து சொல்லிவிட்டுப் போனாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா நாற்காலியின் கையில் கையை ஊன்றினாள். டைரக்டர் "ஒன்" என்றார். நான் மூன்றை அழுத்தினேன்.

அந்தக் கட்டத்தில் மூன்றாம் காமிரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அட்டையில் செய்து வண்ணம் அடித்த கடிகாரம். அக்கா நடந்து முடிக்கும் வரை அந்த அட்டைக் கடிகாரத்தையே வெளியே காட்டிக்கொண்டிருந்தேன். டைரக்டர் காதில் "ஒன், ஒன்" என்று கத்திவிட்டுப் பிறகு இந்தியில் என் குலத்தை விசாரித்தார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் இரண்டை அழுத்தினேன். அக்காவின் முகம் பெட்டி நிறைய வந்தது. கதவைத் திறந்த மனைவி கணவனைப் பார்க்கவில்லை. எரியாத ஒன்றாம் காமிராவின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காட்சி முடிந்ததும் அம்மா ஓடி வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். அவாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பிள்ளையின் அம்மா, பெண் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்று வாய் விட்டே சொன்னாள், எங்கள் அப்பா அவர்களைக் கிங்ஸ் சர்க்கிளில் காபிக்கு அழைத்துப் போயிருக்கிறார். பிள்ளை மட்டும் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். இரண்டாவது காட்சியையும் பார்க்க வேண்டுமாம். "ஆசை பாரேன்" என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இப்போது செய்தபடியே மறுபடியும் செய்துவிடு என்றாள்.

நான் நடிகர்களின் அறைக்குப் போனேன். அறையாவது, புடவை கட்டி மறைத்த ஒரு மூலை. அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கும் அந்த விளக்கின் விஷயம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் எழுந்துண்டேன், வெளக்கு அணைஞ்சுது" என்றாள்.

அம்மா சொன்னதைச் சொன்னேன். முகம், பதியறது, பக்குவம் எல்லாம் ஒப்பித்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நடக்கறது நான். வெளக்கை அணைக்கறது நீங்க ரெண்டு பேரும். இன்னொரு வாட்டி அணைஞ்சுதோ, நான் எழுந்துக்கவே மாட்டேன். சிவனேன்னு உக்காந்துண்டிருப்பேன். அவர் கதவைத் தட்டிண்டே இருக்கட்டும். நாடகம் எப்படி முடியறதுன்னு நீயே பாத்துக்கோ."

எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா ஒன்று சொல்கிறாள், அக்கா ஒன்று சொல்கிறாள், டைரக்டர் ஒன்று சொல்கிறார், நான் யார் சொல்வதைத்தான் கேட்பது? மூன்று பார்ட்டியும் ஒரே லைனில் வந்தால் எந்த ஆபரேட்டரும் என்ன பண்ணுவாள்? அழுகையும் வந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன்.

இரண்டாவது காட்சிக்கு அம்மா பார்வையாளர் பந்தலுக்குப் போகவில்லை. தடுப்புக்குப் பின்னால் வந்து என் நாற்காலியை ஒட்டி நின்றாள். என் தோளில் கையை வைத்தாள். முதல் பாதி எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விரல் தானாக ஓடிற்று. எனக்கிருந்த ஒரே நினைப்பு, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த அம்பர்நாத் மனிதரின் முகம். அதை எனக்குக் காட்ட ஒரு நாலாவது காமிரா இல்லையே என்று தவித்தேன். அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் நான் எதை அவருக்குக் காட்டுவது?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. டைரக்டர் "ஒன்" என்றார்.

என் விரல் முன் போலவே மூன்றை அழுத்திவிட்டு அங்கேயே நின்றது. வெளியே கடிகாரம் போய்க்கொண்டிருந்தது. ஒன்றாம் பெட்டியில் அக்கா நாற்காலியின் கையில் கையை ஊன்றினபடி அப்படியே இருந்தாள். எழுந்திருக்கவில்லை. சொன்னதைச் செய்கிறவள் அவள். நிமிர்ந்து நேராக ஒன்றாம் காமிராவின் விளக்கைப் பார்த்தாள். அது எரியவில்லை, அதனால் காத்திருந்தாள். டிராம்பே குமாஸ்தா மறுபடி தட்டினார். "கதவைத் திற" என்றார். இது வசனத்தில் இல்லாதது. பக்கவாட்டிலிருந்து யாரோ, எழுந்துக்கோ, எழுந்துக்கோ என்று கிசுகிசுப்பது கேட்டது. காதில் டைரக்டர் உச்ச ஸ்தாயியில். தோளில் அம்மாவின் கை இறுகியது. பெட்டியில் அக்காவின் கண் என்னையே பார்ப்பது போல இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, இந்த உலகத்தில் எதுவுமே புரியவில்லை.

பிறகு அம்மாவின் கை என் தோளில் இல்லை. ஒன்றாம் பட்டன் அழுந்தியிருந்தது. அம்மா கையை எடுத்ததால் நான் அழுத்தினேனா, நான் அழுத்தியதைப் பார்த்து அம்மா கையை எடுத்தாளா? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எது முன்னால், எது பின்னால் என்று பிடிபடவே இல்லை.

விளக்கு எரிந்ததும் அக்கா எழுந்தாள். அறையின் முழு அகலமும் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. எங்கள் பின்னால் கிங்ஸ் சர்க்கிளில் எப்படி வருவாளோ அப்படி, ஒரு தோள் இறங்கி ஒரு தோள் ஏறி, ஆர அமர நடந்து போனாள். நான் பிறந்ததிலிருந்து அவளுக்கு முன்னால் நடந்தவள். அவள் நடப்பதை முழுசாக, கண் எடுக்காமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் கதவைத் திறந்தாள். இனி அவர் வசனம். குமாஸ்தாவோ எரிகிற விளக்கைக் கண்டுவிட்டார். மனைவியை விட்டுவிட்டு ஒன்றாம் காமிராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வசனம் மறந்தே போய்விட்டது. அக்கா கொஞ்ச நேரம் அவர் காதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாடகத்தில் எங்கேயும் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"எங்கே பாக்கறேள்? நான் இங்கேன்னா நிக்கறேன்."

வயர் வழியாக அது அடுத்த பந்தலுக்குப் போய்விட்டது. அங்கே ஜனங்கள் சிரித்த சத்தம் எங்களுக்கே கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று டைரக்டர் காதில் கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்வதற்குப் பதில் நான் இரண்டை அழுத்தி அக்காவின் முகத்தைப் போட்டேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அப்பாவும் பிள்ளையின் பெற்றோரும் காபியிலிருந்து திரும்பவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடாம். பிள்ளை பந்தல் வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஒல்லியாக, கொஞ்சம் கூச்ச சுபாவமாக இருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், போகலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் பாதி தூரம் ஒரே வழி. எப்போதும் போல அம்மா முன்னால், நான் நடுவில், அக்கா கடைசியில். அம்மா ஓட்டமும் நடையுமாகப் போனாள். எல்லாம் கெட்டுவிட்டது என்று அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் எனக்குப் பக்கத்தில் வந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

"நீங்கதானே பட்டன் அழுத்தறவா? மொதல் ஆட்டத்துல உங்க அக்கா எழுந்துக்கறச்சே ஒரு கடியாரத்தைக் காட்டினேள். ரொம்ப நேரம் காட்டினேள். அது ஓடவே இல்லை. நான் ஃபாக்டரில மெஷின் பாக்கறவன், ஓடாத ஒண்ணை எதுக்கு இத்தனை நேரம் காட்டறான்னு தோணித்து. அதான் இன்னொரு தடவை பாக்கலாம்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் நடையைக் குறைத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எனக்குப் பின்னால் போனார். திரும்பிப் பார்த்தேன். அக்காவும் அத்திம்பேரும் (அக்காவின் கணவரானவரை இனிமேல் அப்படியே சொல்லிவிடுகிறேனே) பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. அவள் நடைக்குத் தன் நடையைச் சரி பண்ணிக்கொள்ள அவர் கொஞ்சம் தடுமாறினார். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு அவர்களோடு நிற்பதா, அம்மாவோடு ஓடுவதா என்று தெரியவில்லை. பழக்க தோஷம், அம்மா பின்னாலேயே ஓடினேன். கிங்ஸ் சர்க்கிள் வந்துவிட்டது. பூக்கடை வெளிச்சம், எதிரும் புதிருமாகத் தெரிந்தவர்கள், அம்மா வழக்கமாக இன்னும் வேகமெடுக்கிற இடம். அம்மா சட்டென்று நின்றாள். பின்னால் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"என்னடி அவசரம்? மெதுவா நட."